அம்பாசமுத்திரம் வீட்டார் குழு: கோமதி அத்தையின் ஸ்கேன்

இசக்கி மாமா: கோமதிக்கு நேற்றிரவு விலாவில் கடும் வலி. விடிந்ததும் திருநெல்வேலிக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். 5 மி.மீ. சிறுநீரகக் கல் இருக்கிறது. கூடவே இடது அட்ரினலில் 22 மி.மீ. கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

முத்துலட்சுமி பெரியம்மா: ஐயோ! சிறுநீரகத்திலா கட்டி? காந்திமதி, நீதானே தினமும் இந்தப் படங்களைப் பார்க்கிறாய், சொல்லம்மா.

காந்திமதி: சிறுநீரகத்தில் இல்லை பெரியம்மா. அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பியில். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது இப்படித் தற்செயலாகத் தென்படுவது எங்களுக்கு வழக்கமான சங்கதி. மாமா, அறிக்கையில் எச்.யு. என்று போட்டு ஓர் எண் இருக்கிறதா? படத்தில் அடர்த்தியைச் சொல்லும் அளவு அது.

இசக்கி மாமா: "ஒரே சீரான முடிச்சு, 4 எச்.யு."

காந்திமதி: அப்பாடா! அந்த 4 தான் எனக்கு வேண்டியது. சி.டி.யில் தண்ணீர் 0. கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100. அட்ரினலின் சாதுவான கட்டி பெரும்பாலும் உள்ளே கொழுப்பை வைத்திருக்கும், அதனால் எண் 10க்கு மேல் போகாது. புற்றுநோய் இவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். கல்லுக்காக, நரம்பில் சாய மருந்து ஏற்றாமல் எடுத்த படம் என்பதால் இதிலேயே அளக்க முடிந்தது.

சங்கர்: ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காதே? இல்லையென்றால் அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வாருங்கள், புற்றுநோயைத் தேடும் பெட் (PET) ஸ்கேன் எடுக்கலாம்.

காந்திமதி: ஊசி வேண்டவே வேண்டாம் அத்தான். ஃபியோகுரோமோசைட்டோமா என்று ஒரு வகைக் கட்டி உண்டு, அதில் ஊசி பட்டால் பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்து. அத்தைக்கு 4 என்பதால் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் ஊசியால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. பெட் ஸ்கேனும் தேவையில்லை. ஒரே சீராக, 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மறுபடி படமே எடுக்க வேண்டாம் என்கிறது 2023இன் ஐரோப்பிய வழிகாட்டுதல்.

கோமதி அத்தை: அப்படியானால் இதை இப்படியே விட்டுவிடலாமா? எனக்குப் பல வருடமாகப் பிரஷர் இருக்கிறதே, அது இதனால்தானோ?

காந்திமதி: அதைப் படம் சொல்லாது அத்தை. கட்டி எப்படி இருக்கிறது என்பதைத்தான் காட்டும், என்ன சுரக்கிறது என்பதை இரத்தம்தான் சொல்லும். உங்களுக்குப் பிரஷர் இருப்பதால், பிரஷரோடு தொடர்புள்ள ஆல்டோஸ்டிரோன், ரெனின், பொட்டாசியம் ஆகியவற்றை இரத்தத்தில் பார்க்க வேண்டும். இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, காலையில் கார்டிசால் என்ற அட்ரினல் ஹார்மோனை அளப்பார்கள். 1.8க்கு மேல் போகாவிட்டால் நிம்மதி. ஹார்மோன் டாக்டர் சொல்லும் வரை பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மூட்டு வலிக்கு ஏதாவது ஊசி போட்டீர்களா?

கோமதி அத்தை: போன மாதம் முட்டியில் ஒன்று போட்டார்கள்.

காந்திமதி: அதில் ஸ்டீராய்டு இருந்திருந்தால் கார்டிசால் கணக்கே மாறிவிடும். அந்தச் சீட்டை அவசியம் டாக்டரிடம் காட்டுங்கள்.

இசக்கி மாமா: பீரோவில்தான் இருக்கிறது. நாளை காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வருகிறோம். ஸ்கேன் பதிந்த குறுந்தட்டையும் கொண்டுவரட்டுமா?

காந்திமதி: கட்டாயம் மாமா. அறிக்கையை மட்டும் வைத்து நான் பேசக் கூடாது, படத்தை நானே பார்க்க வேண்டும்.

கோமதி அத்தை: எல்லோரும் கட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். கல்லுக்கு என்ன செய்ய? மறுபடியும் விலாவில் பிடிக்கிறது.

காந்திமதி: டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போடுங்கள் அத்தை. 5 மி.மீ. கல் தானாகவே வெளியேற நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் காய்ச்சலோ குளிரோ வந்தால் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் இரவிலேயே கார் பிடித்துக் கிளம்பிவிடுங்கள். என் போன் பக்கத்திலேயே இருக்கும்.