மாடித்தோட்டம் – ராமமூர்த்தி நகர்

மல்லிகா: எங்கள் அவரைக்கொடியில் நுனி முழுக்கக் கருப்பு அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. எறும்பும் சாரை சாரையாக ஏறுகிறது. கடையில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கொடுத்தார்கள். சாயங்காலம் அடிக்கவா? (படம்)

கோபால் மாமா: அடித்துவிடும்மா. பூ விட்டிருக்கிற நேரம், விட்டால் காயே பார்க்க முடியாது.

நிவேதா: மல்லிகாக்கா, தயவுசெய்து பொறுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ரெண்டு மூணு உப்பிப்போய், பழுப்பாக, அசையாமல் இருக்கின்றன. ஒன்றின் முதுகில் வட்டமாக ஓட்டை. ஒட்டுண்ணிக் குளவி வந்துவிட்டது! அசுவினிக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகி அந்த ஓட்டை வழியாக வெளியேறும். மருந்து அடித்தால் குளவியும் சாகும்.

மல்லிகா: ஐயோ, பிள்ளைகள் விளையாடுகிற இடம். கொட்டுமா?

நிவேதா: கொசுவை விடச் சின்னது அக்கா. நம்மைக் கொட்டாது.

கோபால் மாமா: குளவியே எல்லாவற்றையும் முடித்துவிடுமா?

நிவேதா: முடிக்காது மாமா. சில அசுவினிக்குள் ஹாமில்டொனெல்லா என்றொரு பாக்டீரியா குடியிருக்கும். இருந்தால், உள்ளே வைத்த குளவி முட்டை பெரும்பாலும் தேறாது. 2003இல் பட்டாணிச் செடியில் வரும் பட்டாணி அசுவினியில் இதைக் காட்டினார்கள். 2009இல் இன்னொன்று தெரிந்தது: அந்த பாக்டீரியாவுக்குள் ஒரு வைரஸ் இருந்தால்தான் இந்தக் காவலே. வைரஸ் போனால் காவலும் போச்சு! எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. அசுவினி ஆண் துணையில்லாமலே குட்டி போடும். தாயிடமிருந்து பாக்டீரியாவும் குட்டிக்குப் போய்விடும்.

கோபால் மாமா: அப்போ மருந்தையும் தாங்குமா?

நிவேதா: அது வேறு கணக்கு. செராஷியா என்று இன்னொரு பாக்டீரியா உண்டு. அதுவும் குளவியிடமிருந்து ஓரளவு காக்கும். ஆனால் அது உள்ளே இருக்கும் பட்டாணி அசுவினி, பூச்சிக்கொல்லிக்குச் சீக்கிரம் சாகிறது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அதை நம்பி மருந்துக்குப் போக முடியாது. தெற்கு ஐரோப்பாவின் பீச் தோட்டங்களில் இமிடாகுளோபிரிடுக்கே அசராத அசுவினி பரவிவிட்டது, அது அசுவினியின் மரபணுவில் தானாக நேர்ந்த மாற்றத்தால் வந்தது. நம் கொடியில் எது இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

மல்லிகா: சரி, இப்போது நான் என்ன செய்ய?

நிவேதா: முதலில் எறும்பு. அசுவினி விடுகிற இனிப்புக் கழிவுக்காக அது குளவியை விரட்டும். தண்டின் அடியில் துணி சுற்றி மேலே கிரீஸ் தடவுங்கள். பந்தல் கால்களிலும்தான், இல்லையென்றால் அந்த வழியாக ஏறும். அப்புறம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், உப்பியவை உள்ள இலைகளை மட்டும் தொடாதீர்கள். இமிடாகுளோபிரிட் செடிக்குள்ளேயே ஏறுகிற மருந்து. பிதுக்கம்பருப்பு நாம்தானே சாப்பிடப் போகிறோம்.

மல்லிகா: கிரீஸ் வீட்டில் இருக்கிறது. பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கிறேன்.

கோபால் மாமா: நிவேதா, என் காராமணியிலும் பழுப்பாக ஏதோ தெரிகிறது. படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லும்மா.