வாழை சாய்ந்த வருஷமும் ஸ்தோத்திரமும்: சில அனுபவங்கள்

ஏரல் பக்கத்துச் சகோதரி:

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் போகும்போதே மழை விடவில்லை. ராத்திரி ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது என்று கரண்ட் வந்த பிறகுதான் தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனதும், பக்கத்து ஊர்க்காரர்கள் பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்ததும் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அந்தப் பக்கம்தான் எங்கள் வயல். குலை தள்ளி நின்ற வாழை. பொங்கலுக்கு வெட்டினால் நகையை மீட்டுவிடலாம் என்று இருந்தோம். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, குலையெல்லாம் சேற்றுக்குள் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திரிக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் போன் போட்டு, "எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லித்தானே வசனம் இருக்கு, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார். வசனம் சத்தியம். ஆனால் முழங்கால் சேற்றில் நிற்கிறவளிடம் மாடி வீட்டிலிருந்து சொல்லக்கூடாது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. துதி என்பது கஷ்டப்படுகிறவர் வாயிலிருந்து தானாக வரவேண்டியது. வெளியே நிற்பவர் அதைக் கேட்டு வாங்க முடியாது.

மறுநாள் பெரியம்மை வந்தார்கள். தூக்குச்சட்டியில் கஞ்சி, வாழை இலைத்துண்டில் காணத்துவையல். அவர்கள் வீட்டுச் சுவரும் இடிந்துதான் கிடந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அழு மக்கா, ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு. யோபு அழலியா, தாவீது அழலியா" என்றார்கள். அவர்களும் சேர்ந்து அழுதார்கள். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒரு சிரட்டையை எடுத்து எங்கள் அடுக்களைச் சேற்றை வழிக்க ஆரம்பித்தார்கள். வழித்துக்கொண்டே பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தார்கள். பல்லில்லாத வாய், பாதி வார்த்தை காற்றாகவே போனது. இரண்டாம் சரணத்தில் என்னை அறியாமல் நானும் கூடப் பாடினேன். பாடும்போதும் வாழை சாய்ந்துதான் கிடந்தது. கடனும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிற்று.

24ஆம் தேதி ஞாயிறு ஆராதனை நடந்தது. கோயிலுக்குள் பெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. பாட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பிப்போய் வெயிலில் கிடந்தன. மைக் இல்லை, ஆர்கன் இல்லை. எங்கள் சபைப் போதகரான ஐயர், வேதத்தில் ஆபகூக் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று தொடங்கியதுமே பின்னாலிருந்து ஒரு தாத்தா, "வாழை சாஞ்சாலும்" என்று சத்தமாகச் சொன்னார். ஐயர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் கேட்டது. எங்கள் சபையில் ஆம்பிளையாட்கள் கோயிலுக்குள் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்புறம் அவரே அதிகாரத்தை முழுக்க வாசித்து முடித்தார். "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற வரிக்குச் சபையே ஆமென் சொன்னது.

சாய்ந்த மரத்தின் அடியில் பிழைத்த பக்கக்கன்றுகளை விட்டு வளர்த்தோம். விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒரு குலை கொண்டுபோக முடிந்தது. சின்னக் குலைதான். ஏலத்தில் ஒருவர் எடுத்து, திரும்பக் காணிக்கையாகவே வைத்தார். இன்னொருவர் எடுத்தார், அவரும் திரும்ப வைத்தார். அது சுற்றிச் சுற்றி ஏலம் போனதைப் பார்த்தபோது நான் சொன்ன ஸ்தோத்திரத்தை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், துதித்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

களக்காடு வட்டாரத்துச் சகோதரர்:

சகோதரி சொன்ன "தூரத்திலிருந்து சொல்லக்கூடாது" என்பதை நானும் அனுபவித்திருக்கிறேன். எனக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துவருகிறேன். அடுத்த கட்டிலில் மேலப்பாளையத்து பாய் ஒருவர். வயதானவர், கையில் ஊசி போட்ட இடமெல்லாம் நரம்பு புடைத்திருக்கும். நர்ஸ் எப்போது நலம் கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் முதலில் வரும், அதன் பிறகுதான் வலியைச் சொல்வார். ஒருநாள் எனக்குப் பிரஷர் இறங்கிக் கண் இருட்டியபோது, ஊசி இல்லாத கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் தம் வழியில் ஓதினார். நான் மனதுக்குள் என் ஆண்டவரைத் துதித்தேன். அவர் இப்போது இல்லை. மய்யத்துக்குப் போய்வந்தேன்.

எங்கள் பக்கத்து டோனாவூரை எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில்தான் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதிலிருந்து தேறவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் டோனாவூரில் தம் அறையும் கட்டிலும்தான். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. ஆனால் அந்தக் கட்டிலிலிருந்துதான் நோயாளிகளுக்காக அவ்வளவு எழுதினார். நோயில் கிடக்கிறவர் நோயில் கிடக்கிறவருக்கு எழுதியது என்பதால் எனக்கு அது இறங்குகிறது. அவர் கல்லறையில் பெயர்க்கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் உண்டு. டயாலிசிஸ் இல்லாத நாளில் உடம்பு தாங்கினால் பஸ் ஏறி அங்கே போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவேன். சுகமாகாமலேயே துதிக்கலாம் என்று எனக்குத் தைரியம் வருவது அங்கேதான்.

சாட்சி சொல்லும் கூட்டங்களில் சுகமானவர்களையே மேடையேற்றுகிறோம். சுகமாகாதவர்களுக்கும் அங்கே ஒரு இடம் கொடுக்கவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

நாசரேத்திலிருந்து:

நான் சின்னதாக எழுதுகிறேன். அம்மா போன பிறகு கோயிலில் எனக்குப் பாட்டு வரவே இல்லை. நிற்பேன், உதடு அசையாது. பாடகர் குழுவில் அல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதியை, பாடிக்கொண்டிருந்தவள் நான். குழுவில் யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. என் நோட்டை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் என் இடத்தில் வைத்துவிடுவார்களாம். 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டாகவே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது என்று எங்கள் ஐயரம்மா எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். அந்த நாள்களில் எனக்காகவும் சேர்த்துச் சபை பாடியது என்றுதான் நம்புகிறேன். பெரிய வெள்ளி ஆராதனைக்குத்தான் திரும்பக் குழுவோடு நின்றேன்.

ஏரல் அக்கா, உங்கள் பெரியம்மை சுகமாக இருக்கிறார்களா?

ஏரல் பக்கத்துச் சகோதரி:

இருக்கிறார்கள் தங்கச்சி. கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த வாரம் ஆபரேஷன். பைபிள் வாசிக்க முடியவில்லை என்பதுதான் அவர்களுக்குக் குறை, பாட்டெல்லாம் மனப்பாடம். களக்காட்டு அண்ணன் டயாலிசிஸ் நாளையும் சொல்லிவிடுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஜெபிக்கச் சொல்கிறேன்.