ஹாரிஸ் கவுண்டியில் வீடு: 'எக்ஸ் ஸோன்' என்றால் தண்ணீர் வராது என்று அர்த்தமில்லை

சைப்ரஸ் வாசி

டெக்சஸின் ஹூஸ்டன் பக்கம் (ஹாரிஸ் கவுண்டி) வீடு பார்க்கும் நம்மவர்கள் அடிக்கடி சொல்வது இது: "எக்ஸ் ஸோன்தானாம், வெள்ளக் காப்பீடு தேவையில்லையாம்." ஃபீமா (அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) தன் வெள்ள வரைபடத்தில் ஆபத்து குறைவு என்று குறித்த பகுதிதான் 'எக்ஸ்'. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது ஹாரிஸ் கவுண்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 'நூறாண்டு வெள்ளப் பகுதி'க்கு வெளியே இருந்தவை. காப்பீடு இல்லாமல் தவித்த வீடுகளும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

'நூறாண்டு' என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது. நூறு வருடத்துக்கு ஒருமுறை என்பதல்ல அதன் பொருள். எந்த ஒரு வருடத்திலும் 1% வாய்ப்பு என்பதுதான். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அது 26% ஆகிவிடும். ஃபீமா வரைபடத்தில் 'ஏ', 'ஏஇ' என்று இருப்பவை இந்தப் பகுதிகள். நிழலிட்ட 'எக்ஸ்' என்றால் வருடத்துக்கு 0.2% முதல் 1% வரை. நிழலில்லாத 'எக்ஸ்' அதைவிடக் குறைவு, ஆனால் பூஜ்யமல்ல.

இன்னொன்று. அந்தப் படம் பெரும்பாலும் பேயூவும் (மெதுவாக ஓடும் சிற்றாறு) ஓடைகளும் கரை தாண்டுவதைக் கணக்கிட்டது. இங்கே தரை தட்டையானது, மண் களிமண். தெருவின் மழைநீர்க் குழாய் நிரம்பினால், பக்கத்தில் ஓடையே இல்லாத வீட்டிலும் தண்ணீர் ஏறும். 2018-இல் நோவா (அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பு) தன் மழைக்கணக்கைத் திருத்தியபோது, ஹூஸ்டனில் 24 மணி நேர 'நூறாண்டு மழை' 13 இன்ச்சிலிருந்து 18 இன்ச் வரை போனது. அதற்கு முன் வரைந்த படத்தில் இருப்பது பழைய மழை.

கேட்டி வாசி

நம் ஆட்கள் நிறைய இருக்கும் கேட்டி பக்கத்துக்கு இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, ஹூஸ்டன் நகர மையத்தைக் காக்க ராணுவப் பொறியாளர் படை 1940-களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு அணைகளைக் கட்டியது. வருடத்தில் பெரும்பாலான நாள் அவற்றில் தண்ணீர் நிற்காது. பூங்காவும் புல்வெளியுமாக இருக்கும். அரசுக்குச் சொந்தமான நிலம் ஓரிடத்தில் முடிகிறது. பெருமழையில் தேங்கும் தண்ணீர் அந்த எல்லையைத் தாண்டியும் ஏறும். தாண்டி ஏறும் அந்த இடத்தில் வீடுகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், வறண்ட ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் மனை போட்ட கதை. ஹார்வியில் அணைக்கரைக்கு மேற்கே தேங்கிய நீரிலும் வீடுகள் மூழ்கின, மதகு திறந்ததால் கிழக்கே பஃபலோ பேயூ ஓரத்திலும் மூழ்கின. ஃபீமாவின் ஸோன் எழுத்தை மட்டும் பார்த்தால் இந்த ஆபத்து தெரியாது. கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டத்தின் தளத்தில் நீர்த்தேக்க எல்லைகளைத் தனியாகப் பாருங்கள்.

2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் வீடு விற்பவர் தரும் படிவத்தில் இதற்கெல்லாம் பதில் எழுத வேண்டும்: முன்பு வெள்ளம் வந்ததா, நீர்த்தேக்க எல்லைக்குள் இருக்கிறதா, வெள்ளத்துக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு விண்ணப்பித்தார்களா (க்ளெய்ம்). வாங்கிப் புதுப்பித்து உடனே விற்பவர்கள் "தெரியாது" என்று எழுதிவிடுவார்கள், அதை அப்படியே விடாதீர்கள். ஒரு வீட்டின் பழைய வெள்ள இழப்புப் பதிவை அதன் உரிமையாளர் ஃபீமாவிடம் கேட்டு வாங்கலாம். வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். கராஜ் சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்: 2 அடியிலோ 4 அடியிலோ வீடு முழுக்க ஒரே உயரத்தில் ஒட்டுக்கோடு ஓடினால், கீழ்ப்பாதி ஷீட்ராக்கை (சுவராக அடிக்கும் ஜிப்சம் பலகை) வெட்டி மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

காப்பீட்டு வேலையில் இருப்பவர்

பாலிசி பக்கம் நான் சொல்கிறேன். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. கூரை பிய்ந்து மேலிருந்து இறங்கிய மழை, வெடித்த குழாய் இரண்டும் அதன் கணக்கு. தரைவழியாக வந்து ஏறும் தண்ணீர் வெள்ளக் கணக்கு.

தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், வீட்டுப் பொருட்களுக்கு 1,00,000. இரண்டும் தனித்தனி, டிடக்டபிளும் (இழப்பில் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை) தனித்தனி. மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான்: கடன் கொடுக்கும் வங்கிக்குக் கட்டடம் மட்டும் போதும். அதற்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு, சோபாவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்து எடுத்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். பொருட்களுக்குக் கிடைப்பது தேய்மானம் கழித்த விலைதான், புதிய விலையல்ல.

நகை, ஓவியம் முதலியவை எல்லாம் சேர்த்தே 2,500 டாலர்தான். தங்கக் காசுக்கு எதுவும் கிடையாது. ஆகவே நகையை மாடியிலோ வங்கிப் பெட்டகத்திலோ வையுங்கள். ஹோட்டல் செலவு, வேலி, நீச்சல் குளம் எதற்கும் இதில் இடமில்லை. காருக்கு, அதன் காப்பீட்டில் 'காம்ப்ரிஹென்சிவ்' (மோதல் அல்லாத சேதத்துக்கான பகுதி) இருந்தால் அங்கே கேளுங்கள். தனியார் வெள்ள பாலிசிகளில் சில ஹோட்டல் செலவையும் தரும். ஆனால் பெரிய இழப்புக்குப் பிறகு புதுப்பிக்க மறுக்கவும் செய்யலாம்.

பாலிசி எடுத்தபின் அது செயலுக்கு வரக் காத்திருப்பு 30 நாள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு போன் செய்தால் பயனில்லை. புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்குகிறது, அதனால் ஏப்ரல் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கடன் க்ளோசிங்கோடு (கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு முடிக்கும் நாள்) சேர்த்து எடுத்தால் காத்திருப்பு இல்லை. வீடு வாங்கும்போது எடுக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

2021 அக்டோபரிலிருந்து பிரீமியத்தை ஸோன் எழுத்து தீர்மானிப்பதில்லை. தண்ணீரிலிருந்து தூரம், முதல் தளத்தின் உயரம், திரும்பக் கட்டும் செலவு என்று வீட்டுக்கு வீடு கணக்கிடுகிறார்கள். உயரச் சான்றிதழ் (வீட்டின் தள உயரத்தை அளந்து தரும் ஆவணம்) இருந்தால் கொடுத்துப் பாருங்கள். பிரீமியம் குறைந்தால் மட்டுமே அதை எடுத்துக்கொள்வார்கள். பழைய உரிமையாளர் குறைந்த பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தால், புது பாலிசி எடுக்காமல் அதையே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். சொந்தக் குடியிருப்புக்கு வருட உயர்வு பொதுவாக 18%-ஐத் தாண்டாது. கடன் வேறு நிறுவனத்துக்குக் கைமாறும் மாதத்தில், எஸ்க்ரோவிலிருந்து (வரி, காப்பீடு கட்டக் கடன் நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு) பிரீமியம் போனதா என்று நீங்களே சரிபாருங்கள். பாலிசிகள் காலாவதியாவது பெரும்பாலும் அப்போதுதான்.

மேயர்லேண்ட் வாசி

பிரேஸ் பேயூ ஓரம் 2015, 2016, 2017 என்று மூன்று வருடம் தொடர்ந்து மூழ்கிய பகுதி எங்களுடையது. தண்ணீர் வடிந்தபின் செய்ய வேண்டிய வரிசையை எழுதுகிறேன்.

தண்ணீரில் நின்றுகொண்டு பிரேக்கரைத் தொடாதீர்கள். உள்ளே போனதும் ஒவ்வொரு அறையிலும் நீர்க்கோட்டின் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் படமெடுங்கள். ஃபிரிட்ஜ், ஹீட்டர், ஏசி மூன்றின் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் எடுங்கள். அட்ஜஸ்டர் (இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்புபவர்) வரட்டும் என்று ஈரத்தோடு காத்திருக்க வேண்டாம். கார்பெட், ஷீட்ராக், தரை, அலமாரி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டு மீதியை அகற்றலாம்.

ஷீட்ராக்கை நீர்க்கோட்டிலேயே வெட்டக் கூடாது, உள்ளே தண்ணீர் மேலேறியிருக்கும். படுக்கைவாட்டில் அடித்த பலகையின் அகலம் 4 அடி என்பதால் தரையிலிருந்து 4 அடியில் வெட்டினால் மறுபடி பூட்டுவது எளிது. உள்ளிருக்கும் பஞ்சு (வெப்பத் தடுப்புக்கு அடைத்தது) முழுதும் குப்பைக்கு. மரச்சட்டங்களில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 15%-க்குக் கீழே வரும் வரை மூட வேண்டாம். கான்ட்ராக்டர் அவசரத்தில் மூடிவிட்டுப் போனால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். "நீங்களே தடுத்திருக்கலாம்" என்று அதற்குப் பணம் மறுக்கப்படும்.

இழப்புச் சான்று (எவ்வளவு இழப்பு என்று நீங்கள் தரும் படிவம்), கையெழுத்தோடு, வெள்ளம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அட்ஜஸ்டர் எழுத உதவுவார், ஆனால் பொறுப்பு உங்களுடையது. அட்ஜஸ்டர் என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். உண்மையான அட்ஜஸ்டர் உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டார்.

சைப்ரஸ் வாசி

ஏஇ ஸோன் வீடுகளுக்கு மட்டும் ஒன்று விட்டுப்போயிற்று. சரிசெய்யும் செலவு, நிலத்தைச் சேர்க்காமல் கட்டடத்தின் மதிப்பில் பாதியை எட்டினால், இன்றைய விதிப்படி வீட்டையே உயர்த்தச் சொல்வார்கள். அதற்குப் பாலிசியில் 30,000 டாலர் வரை உண்டு. ஆனால் கட்டடத்துக்கான தொகையும் அதுவும் சேர்ந்து 2,50,000-ஐத் தாண்டக் கூடாது. எனவே பர்மிட் வாங்காமல் சுவரை மூடாதீர்கள். சேதம் பாதியை எட்டியது என்று கவுண்டி கடிதம் வந்தால் அதன் நகலை அன்றே க்ளெய்ம் எண்ணோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.