மரச்செக்கு எண்ணெய்: "ஏன் இவ்வளவு விலை?" என்றால் என்ன சொல்வது?

செக்குக்காரன்:
அப்பா விட்டுப்போன செக்கை மோட்டார் வைத்து மறுபடி ஓட்டுகிறேன். வருபவர்கள் ரீஃபைண்டு பாக்கெட் விலையைச் சொல்லி பேரம் பேசுகிறார்கள், இன்னும் சிலர் பிளாஸ்டிக் வேண்டாம் என்று தூக்குவாளியோடு வருகிறார்கள். ஊற்றித் தரலாமா?

கடைவீதி:
விலையைக் கணக்கோடு எழுதி மாட்டுங்க அண்ணே. 1 லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் 2.5 கிலோ பருப்பு வேண்டும். பெரிய ஆலையில் பிண்ணாக்கில் மிச்சமிருப்பதையும் ஹெக்சேன் என்ற கரைப்பான் வைத்துப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள், உங்கள் செக்கில் அது மாட்டுக்குத்தான் போகிறது.

ரசீது:
தூக்குவாளி ஆசை நல்லதுதான், ஆனால் 2011 உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் எண்ணெயை உதிரியாக விற்கத் தடை, மாநில அரசு விலக்கு தந்தால் ஒழிய. கண்ணாடி பாட்டிலில் லேபிள் ஒட்டி, பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி பாட்டில் திரும்பி வந்ததும் அந்தப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிடுங்கள்.

நல்லெண்ணெய்:
நான் வாங்குகிற ஆள். எங்கள் ஊர் செக்கில் எள்ளோடு கருப்பட்டி போடுவதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார்கள், அதைப் பார்த்துத்தான் போனேன். "இயற்கை" என்று போர்டு எல்லாரும்தான் வைக்கிறார்கள்!

செக்குக்காரன்:
சரி, நாளைக்கே வீடியோ எடுக்கிறேன். பாட்டில் மொத்தமாக எங்கே கிடைக்கும்?