போளை வளையத்தில ஏறுதில்லை, கழண்டு விழுது (மகளின்ர றோலர் கோஸ்ரர் புறொஜெக்ற்)

கோண்டாவில் அம்மா:
வணக்கம். மகள் தரம் 10, பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு றோலர் கோஸ்ரர் செய்யப்போறன் எண்டு ரெண்டு கிழமையா விறாந்தை முழுக்கப் பரப்பி வைச்சிருக்கிறா. ஏசி குழாய்க்குப் போடுற கறுப்பு போமை நீளவாக்கில ரெண்டாக் கீறி கதிரை முதுகில இருந்து இறக்கி நடுவில ஒரு வளையம், அதில போளையை உருட்டி விடுறது, அவ்வளவுதான். வளையம் 30 சென்ரிமீற்றர் விட்டம். ஆரையின்ர ரெண்டரை மடங்கு உயரம் காணும் எண்டு பாத்து வைச்சவா, அது 37.5 வருது, நாங்கள் 40 இல இருந்து விட்டும் சரிவரேல்லை. ஒவ்வொருக்காவும் மணிக்கூட்டில 11 இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போய்க் கழண்டு உள்ளுக்க விழுது. நேற்று இரவு அழுதுபோட்டா. கணக்குப் பிழையோ பொருள் பிழையோ? இன்னும் 9 நாள்தான் கிடக்கு.

பழைய பௌதிக வாத்தி:
கணக்குச் சரி பிள்ளை, ஆனா அது உராய்வே இல்லாமல் சறுக்கிற பொருளுக்கு வந்த கணக்கு. உங்கட போளை உருளுது. அதின்ர இயக்கப்பாட்டுச் சக்தியில ஏழில ரெண்டு பங்கு தன்னைத்தானே சுத்துறதுக்குப் போயிடும், மிச்சம்தான் முன்னுக்கு ஓடுற வேகம். அதைச் சேர்த்தால் 2.7 மடங்கு, உங்கட வளையத்துக்கு 40.5. அதுக்கு மேல உராய்வு, போமும் மெத்தெண்டு இருக்கு, வளையம் ஆடினால் அந்த ஆட்டத்துக்கும் சக்தி போகும். வளையத்தை ரெண்டு பக்கமும் அசையாமக் கட்டிப்போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மகளுக்கு விளங்காட்டி கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வாளியில அரைவாசித் தண்ணியோட தலைக்கு மேலால சுத்திக் காட்டுங்கோ. கையும் கயிறுமா ஒரு மீற்றர் எண்டால் ஒரு சுத்துக்கு 2 செக்கன் அளவு, அதைவிட மெதுவாச் சுத்தினால் தண்ணி தலையிலதான். போளைக்கும் உதே கதைதான்.

மொறட்டுவையில படிக்கிற தம்பி:
அக்கா, சேர் சொன்னது சரி, நான் வளையத்தின்ர வடிவத்தைப் பற்றிச் சொல்லுறன். உண்மையான றோலர் கோஸ்ரரில வளையம் வட்டமா இருக்காது, கண்ணீர்த்துளி மாதிரி மேல ஒடுங்கி இருக்கும். 1895 இல நியூயோர்க் கோனி ஐலண்டில வட்டமாக் கட்டின ஃபிளிப் ஃபிளாப் எண்டதில போனவைக்குக் கழுத்து நொந்துபோச்சு, ஏனெண்டால் வட்டத்தில உச்சியில விழாமல் போறதுக்குத் தேவையான வேகத்தோட வந்தால் அடியில உடம்பு நிறையின்ர 6 மடங்கு அமத்தும், அதுவும் திடீரெண்டு. 1976 இல கலிபோர்னியாவில வேர்னர் ஸ்ரெங்கல் எண்ட ஜேர்மன் எஞ்சினியர் வடிவமைச்ச றெவலூசன் எண்ட றோலர் கோஸ்ரரிலதான் உந்த ஒடுங்கின வளையம் சரியா வந்தது. உங்களுக்கும் இது லாபம். 30 சென்ரிமீற்றர் உயரத்தை அப்பிடியே விட்டிட்டு உச்சியில ஆரையை 10 ஆக ஒடுக்கினால் கணக்குப்படி 37 இல இருந்து விட்டாலே காணும். இன்னொண்டு, நடுவர் கட்டாயம் கேப்பினம்: உண்மையான வண்டிலுக்குத் தண்டவாளத்துக்குக் கீழயும் சில்லு இருக்கு, அதால மெதுவாப் போனாலும் கழண்டு விழாது. போளைக்கு அது இல்லை, அந்த வித்தியாசத்தை அவாவே சொல்லோணும்.

சயன்ஸ் ரீச்சர்:
விழுறதை மறைக்க வேண்டாம் எண்டு பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, அதுதான் புறொஜெக்ற். சும்மா ஓடுற மொடலைப் பாத்து நாங்கள் புள்ளி போடுறதில்லை. 20, 25, 30 எண்டு மூண்டு வளையம், ஒவ்வொண்டுக்கும் குறைஞ்ச உயரம், அஞ்சுதரம் விட்டு எழுதி வரைபு கீறட்டும். போன்ல ஸ்லோ மோசன் வீடியோவும் எடுங்கோ. பிறகு போளைக்குப் பதிலா மேசைப்பந்து விளையாடுற பந்தை விட்டுப் பாக்கட்டும், உள்ளுக்க கோறையா இருக்கிறதால அதுக்கு இன்னும் கூட உயரம் வேணும்.

கோண்டாவில் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வளையத்தைக் கதிரைக் காலோட ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி ரெண்டு ரெண்டு சென்ரிமீற்றரா ஏத்தினம். 48 இல ஒருக்காச் சுத்தி ஒருக்கா விழுந்தது, 52 இல அஞ்சுக்கு அஞ்சும் சுத்தினது. கத்தின கத்தலில பக்கத்து வீட்டு அன்ரி வேலியால எட்டிப் பாத்தவா. இப்ப 25 விட்டத்துக்கு வளைச்சுக்கொண்டிருக்கிறா, கொப்பியில விழுந்த இடத்தையும் மணிக்கூடு மாதிரிக் கீறிக் குறிச்சு வைக்கிறா. மேசைப்பந்து விளையாடுற பந்தைத் தம்பியார் நாளைக்கு ரவுணில வாங்கியாறார்.