லாபம் இருக்கு, பணம் எங்கே? இறுதிக் கணக்கு சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

கம்பம், மேல்நிலைப் பள்ளி வணிகவியல் ஆசிரியை

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வருடக் கடைசியில் லாபத்தையும் சொத்து, கடனையும் போட்டுக்காட்டும் இறுதிக் கணக்குப் பாடத்தில் உங்கள் வகுப்பில் நடந்ததையும் எழுதுங்கள். முதலில் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் விடிவதற்கு முன்னாலேயே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். சிலர் வீட்டில் திராட்சைத் தோட்டம். சிலர் வீட்டில் மளிகைக் கடை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு, கடனுக்கு வாங்கியவர்கள் கணக்கைக் குறிக்கும் பற்று நோட்டு எழுதத் தெரியும். தோட்ட வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த நோட்டில் தன் வீட்டுப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியும். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இந்தப் பாடத்துக்குப் பெரிய பலம்.

நம் பாடத்திட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. இறுதிக் கணக்கு தயாரிப்பது 11ஆம் வகுப்பின் கடைசிப் பகுதியில் வருகிறது. நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வும் விகிதங்களும் 12ஆம் வகுப்பின் கடைசிப் பகுதியில். தயாரித்த அறிக்கையைப் படித்துப் பார்க்க ஒரு பிள்ளை ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒத்துவந்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம் மனதில் ஊறிவிடுகிறது. நான் 11ஆம் வகுப்பிலேயே, சொத்தையும் பொறுப்பையும் எதிரெதிரே காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் போட்ட கையோடு, அதைப் பற்றிக் கேள்வி கேட்டுவிடுவேன்.

அதற்காக ஒரு மளிகைக் கடைக் கணக்கு வைத்திருக்கிறேன். தொகைகள் நானே அமைத்தவை. வருடத் தொடக்கத்தில் சரக்கு 80,000, கடனாளிகள், அதாவது பற்று வைத்தவர்கள் தர வேண்டியது, 30,000, ரொக்கம் 26,000, ஃபிரிட்ஜ் 50,000. கொடுக்க வேண்டியது, அதாவது கடனீந்தோர், 40,000. ஆக கடைக்காரரின் சொந்த முதல் 1,46,000. அந்த வருடம் கொள்முதல் 6,20,000, சரக்கு ஏற்றிவந்த கூலி 20,000, விற்பனை 7,80,000, இறுதிச் சரக்கிருப்பு 1,00,000. மொத்த லாபம் 1,60,000 வரும். வாடகை 48,000, மின்சாரம் 12,000, சில்லறைச் செலவு 10,000, ஃபிரிட்ஜ் தேய்மானம் 10 சதவீதம் என்று 5,000. நிகர லாபம் 85,000. வீட்டுச் செலவுக்கு எடுத்தது 60,000.

வருடக் கடைசியில் கடனாளிகள் 75,000, கடனீந்தோர் 55,000, ரொக்கம் 6,000. இரண்டு பக்கமும் 2,26,000. எல்லாருக்கும் சரியாக வந்தது.

அப்போது கடைக்காரர் வீட்டுப் பெண் எழுந்து, "டீச்சர், லாபம் 85,000. வீட்டுக்கு எடுத்தது 60,000. அப்படின்னா கல்லாவில் 25,000 கூடியிருக்கணும். 26,000 இருந்தது 6,000 ஆகியிருக்கே, எங்கே போச்சு?" என்று கேட்டது.

இந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் கணக்கையே அமைத்திருந்தேன். பதிலை நான் சொல்லவில்லை. இரண்டு வருட இருப்புநிலைக் குறிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் கரும்பலகையில் எழுதி, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். சரக்கில் 20,000 முடங்கியிருக்கிறது என்று ஒரு பையன் சொன்னான். பற்று நோட்டில் 45,000 கூடியிருக்கிறது என்று இன்னொருத்தி. மொத்த வியாபாரிக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது 15,000 கூடியிருக்கிறது, அந்த அளவுக்குக் கையில் பணம் நின்றிருக்கும். தேய்மானம் 5,000 செலவாக எழுதியிருக்கிறோம், ஆனால் யார் கையிலும் அதைக் கொடுக்கவில்லை. 25,000, அதோடு 15,000, 5,000. இதில் சரக்கிலும் பற்றிலும் முடங்கிய 65,000 கழிந்தால் 20,000 குறைகிறது. 26,000 ஆறாயிரமான கதை அவ்வளவுதான்.

அடுத்து விகிதம். நடப்புச் சொத்து, அதாவது சரக்கு, கடனாளிகள், ரொக்கம் மூன்றும் சேர்ந்து, 1,81,000. நடப்புப் பொறுப்பு, அதாவது கடனீந்தோர், 55,000. நடப்பு விகிதம் ஏறக்குறைய 3.3. புத்தகம் 2:1 இருந்தால் நல்லது என்கிறது. சரக்கை விட்டுவிட்டுப் பார்த்தால் விரைவு விகிதம் 1.47. அதுவும் 1:1க்கு மேலே. ஆனால் திங்கள்கிழமை மொத்த வியாபாரி வந்து 20,000 கேட்டால் கல்லாவில் 6,000 தான் இருக்கிறது. விகிதம் நன்றாக இருக்கிறது, கடைக்காரர் தவிக்கிறார். இது எப்படி என்று கேட்டதும் வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது.

பற்று நோட்டில் இருக்கிற 75,000 எப்போது வரும் என்பதில்தான் விஷயம். கடன் விற்பனை 3,00,000 என்று வைத்தோம். சராசரிக் கடனாளிகள் 52,500. அதால் கடன் விற்பனையை வகுத்தால் சுழற்சி 5.7 தடவை. பற்று வைத்த காசு திரும்பிவர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலத்தில் தோட்டத்தில் வேலை இல்லாத வாரங்கள் வந்தால் இன்னும் தள்ளிப்போகும் என்று ஜீப்பில் போகிற வீட்டுப் பையன் சொன்னான். அதைக் கணக்குப் புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை. வராமல் போகலாம் என்ற கடனுக்காக லாபத்தில் முன்கூட்டியே எடுத்துவைக்கிற வாரா ஐயக்கடன் ஒதுக்கு எதற்கு என்று அதற்கப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வருடக் கடைசியில் கணக்கைச் சரிசெய்யப் போடும் சரிக்கட்டுதல்களில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வீட்டுக்கு எடுத்த சரக்கில். கடையிலிருந்து அரிசி, எண்ணெய் வீட்டுக்குப் போகும், யாரும் எழுதமாட்டார்கள். அதைக் கொள்முதலில் கழித்து, எடுப்பாக, அதாவது கடைக்காரர் தனக்கு எடுத்ததாக, அவருடைய முதலிலிருந்தும் கழிக்க வேண்டும். ஒவ்வொரு சரிக்கட்டுதலுக்கும் இரண்டு இடம் என்ற விதியை இந்த அரிசி மூட்டையை வைத்துச் சொன்னால் போதும்.

போடிநாயக்கனூர், ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறவர்

நான் ஆசிரியர் இல்லை. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுப்பேன். டீச்சர் சொன்ன சரக்கிருப்பு விஷயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது.

இறுதிச் சரக்கிருப்பை அடக்கவிலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். பிள்ளைகள் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒரு நாள் 100 கிலோ காய், கிலோ 1,400க்கு வாங்கியது, மார்ச் 31 அன்று ஏலத்தில் 1,100 போகிறது, என்ன எழுதுவாய் என்று கேட்டேன். 1,10,000 என்று சரியாகச் சொன்னான் ஒரு பையன். உடனே அவனே கோபப்பட்டான். "அண்ணே, இன்னும் விக்கவே இல்ல. விலை ஏறுறவரைக்கும் வச்சிருந்து விப்போம். அதுக்குள்ள 30,000 நட்டம்னு எதுக்கு எழுதணும்?" அவன் அப்பா காய் வியாபாரி. வீட்டில் கேட்ட பேச்சு அப்படியே வந்தது.

சரி, விலை 1,800 ஆகியிருந்தால் 40,000 லாபம் எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம் என்றான். அங்கேதான் 2019ஐ எடுத்தேன். அந்த ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் சராசரி ஆயிரத்துக்குக் கீழே வந்ததும் ஞாபகம் இருக்கும். உச்ச விலையில் சரக்கை மதிப்பிட்டு, அந்த லாபத்தை நம்பி வீட்டுக்குப் பணம் எடுத்து, இன்னும் கடன் வாங்கிக் காய் வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவனையே எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுதி முடித்து ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொன்னேன். இந்த வருட இறுதிச் சரக்கு அடுத்த வருடத் தொடக்கச் சரக்கு. 1,10,000க்கு எழுதிய காய் அடுத்த வருடம் 1,50,000க்குப் போனால் 40,000 லாபம் அந்த வருடத்தில் வந்து நிற்கும். எழுதாமல் விட்ட லாபம் எங்கேயும் ஓடிப்போகாது. காய் விற்கிற வருடத்துக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

பாலக்காடு மாவட்டம், சித்தூர் பக்கம், பிளஸ் டூ ஆசிரியர்

எங்கள் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு பிளஸ் ஒன்னில் புத்தகம் ஆங்கிலம். கணினிக் கணக்கு குனூகாத்தா என்ற கணக்கு மென்பொருளிலும் லிப்ரே ஆஃபிஸிலும். உங்கள் பிள்ளைகளுக்கு டேலி என்று நினைக்கிறேன். மென்பொருள் தானே இருப்புநிலைக் குறிப்பைப் போட்டுக் காட்டிவிடும். அதனால் கையால் போட்டு முடிக்காதவரை நான் லேபுக்குக் கூட்டிப்போவதில்லை.

எங்கள் ஊரில் பால் சங்கம் உண்டு. உறுப்பினர் வீடுகளுக்கு ஆண்டறிக்கை அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு மாணவி அதைக் கொண்டுவந்து, "சாரே, சங்கத்துக்கு லாபம்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு வந்த போனஸ் அதுல கொஞ்சம்தான். மீதி எங்கே?" என்றாள். கூட்டுறவுச் சங்கம் லாபத்தை முழுவதும் பிரித்துக் கொடுக்க முடியாது, சட்டப்படி ஒரு பகுதியைக் காப்பு நிதிக்கு எடுத்துவைக்க வேண்டும் என்று அறிக்கையிலேயே அந்த வரியைக் காட்டினேன். காப்பு நிதி பொறுப்புகள் பக்கத்தில் ஏன் வருகிறது என்று அடுத்த கேள்வி. அது சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பணம் என்றேன். காப்பு நிதி என்றால் பீரோவில் பூட்டிவைத்த நோட்டுக்கட்டு என்றுதான் பெரியவர்களே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பணம் தீவன இருப்பாகவும் பால் குளிரூட்டும் இயந்திரமாகவும் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது என்று அவளே கண்டுபிடித்தது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

செங்கோட்டை, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை

சின்ன விஷயம், ஆனால் எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 முதல் இருக்கிறது. செங்கோட்டைக் கடையிலிருந்து கேரளத்துப் புனலூர்க் கடைக்கு 10,000 ரூபாய் சரக்கு, வரி 18 சதவீதம் என்றால் பில்லில் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டுகிற சரக்குக்கான வரி, 1,800. அதே சரக்கு தென்காசிக்குப் போனால் மத்திய வரி 900, மாநில வரி 900. எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் வாங்கிய கடையின் கொள்முதலை 11,800 என்று எழுதிவிடுகிறார்கள். கொள்முதல் 10,000 தான். 1,800 உள்ளீட்டு வரி வரவு, அதாவது கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை. கழித்துக்கொள்ளும்வரை அது சொத்து. மொத்த லாபமே இதில் மாறிப்போகும்.

ஆனால் இணக்கமுறையில் (காம்போசிஷன்) பதிவு செய்த சின்னக் கடைக்கு இந்த வரவு கிடையாது. அவர்களுக்கு 11,800தான் அடக்கம். அப்படிப்பட்ட கடை எல்லையிலுள்ள புளியரை தாண்டி வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் முடியாது. வகுப்பில் ஒரு கடையை எடுக்கும்போது எந்த முறையில் பதிவு என்று முதலில் சொல்லிவிடுங்கள் டீச்சர்.

கம்பம் ஆசிரியை மறுபடியும்

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார்: பிள்ளைகளின் வீட்டுக் கணக்கை வகுப்பில் வைக்கலாமா என்று. கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எந்தெந்தத் தலைப்பில் செலவு என்ற பட்டியல் மட்டும் கொண்டுவரச் சொல்வேன், தொகை வேண்டாம். பற்று நோட்டையும் கொண்டுவர விடமாட்டேன். அதில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் வீட்டுக் கடன் இருக்கும்.

12ஆம் வகுப்பில் முழுமை பெறாப் பதிவேடுகள் வரும்போது அதே மளிகைக் கடையைத் திரும்ப எடுப்பேன். விற்பனை, கொள்முதல் எதுவும் தெரியாது, வருடத் தொடக்கம், கடைசி என்று சொத்து, கடனைக் காட்டும் இரண்டு நிலை அறிக்கை மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். இறுதி முதல் 1,71,000, எடுப்பு 60,000 கூட்டி, தொடக்க முதல் 1,46,000 கழித்தால் அதே 85,000 வந்து நிற்கும். பற்று நோட்டை மட்டும் வைத்து நடக்கிற கடையின் லாபத்தையும் தங்களால் சொல்ல முடியும் என்று பிள்ளைகளுக்குத் தெரிகிற பாடம் அது. அந்த வகுப்பை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

போடி அண்ணன் சொன்ன ஏலக்காய்ச் சரக்கை அடுத்த பருவத்தில் சேர்க்கப்போகிறேன். ஒரே காய், இரண்டு வருடம், இரண்டு விலை என்று கணக்கு அமைத்ததும் இங்கேயே போடுகிறேன். செங்கோட்டைக்காரர் வரியைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.