மகளிர் குழுவின் பொதுப்பணத்தைப் பெண்பிள்ளைகள் படிப்புக்கு எப்படிச் செலவழிப்பது?

பூந்தோட்டம் (உசிலம்பட்டி பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. மகளிர் குழுவில் 14 பேர், நான் ஊக்குநர். செவ்வாய்க்கிழமை ராத்திரி அடுப்படி வேலை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூடுவோம். சந்தா, உள்கடன், தீர்மான நோட்டு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வங்கிக் கடனில் ஒரு தவணை தவறியதில்லை. உள்கடன் வட்டியில் சேர்ந்த பொதுப்பணம் இப்போது 40,000 ரூபாய் போல இருக்கிறது. அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிக்காமல் ஊர்ப் பெண்பிள்ளைகள் படிப்புக்கு வைப்போம் என்று தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆனால் எப்படிச் செலவழிப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.

ஆண்டு விழாவில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். சாயங்காலம் டியூஷன் வைக்கலாம் என்று சிலர். இரண்டும் நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் பிள்ளைகள் படிப்பு நிற்கிற இடம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கம் மல்லிகைப் பூ. முகூர்த்த நாளில் விலை ஏறினால் விடியுமுன் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். வீட்டில் அண்ணன் தூங்குவான், தங்கச்சியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் பறித்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்து குளித்துப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்படியும் பன்னிரண்டாவது வரைக்கும் வந்துவிடுகிறார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள். அதற்கப்புறம்தான் சிக்கல். மே மாசம் ரிசல்ட் வரும். வைகாசியில் முகூர்த்தம் வரும். சொந்தத்துக்குள்ளேயே மாப்பிள்ளை இருப்பான். கல்யாணம் இல்லையென்றால் நூல் மில்லுக்கு ஆள் எடுக்க வேன் வரும். எங்கள் குழுவில் இருக்கிற ஒரு மதினியின் மகள் 600க்கு 471 எடுத்தாள். கணக்குப் பதிவியலில் அவளுக்குத்தான் பள்ளியிலேயே கூடுதல் மார்க். இன்றைக்கு அவள் மில் விடுதியில் இருக்கிறாள்.

எனக்கு மனசு ஆறாத விசயம் ஒன்று. சடங்கு வைக்கக் கடன் வேண்டும் என்றால் குழுவில் ஒருத்தரும் ஏன் என்று கேட்பதில்லை. மொய் வரும், அடைத்துவிடலாம் என்று உடனே கொடுக்கிறோம். மகன் பைக்குக்குக் கேட்டாலும் கொடுக்கிறோம். மகளைக் கல்லூரியில் சேர்க்க என்று கேட்டால் மட்டும், “நாளைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டால் கடனை யார் அடைப்பது?” என்று கேள்வி வருகிறது. கேட்பவர்களும் பெண்கள்தான், என்மேல் உயிராக இருப்பவர்கள்தான்.

இந்தப் பணத்தை வைத்து இதை எப்படி மாற்றுவது? உங்கள் ஊர்க் குழுக்களில் யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.


கண்மாய்க்கரை (மேலூர்):

தங்கச்சி, நல்ல தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். நான் இருபது வருசத்துக்கு மேல் குழுவில் இருக்கிறவள். எங்கள் ஊரில் செய்ததைச் சொல்கிறேன்.

40,000 ரூபாயைக் கொடுத்துத் தீர்க்காதீர்கள், சுழல விடுங்கள். பரிசாகக் கொடுத்தால் இரண்டு வருசத்தில் காலி. எங்கள் குழுவில் மற்றக் கடனுக்கெல்லாம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. பெண்பிள்ளையின் மேல்படிப்புக்கு மட்டும் ஐம்பது பைசா. சடங்குக் கடனுக்கு ஒன்றரை. தடை எதுவும் போடவில்லை, வட்டியை மட்டும் மாற்றினோம். அதற்கே கூட்டத்தில் பெரிய சண்டை. மூன்று செவ்வாய் பேசினோம். ஆனால் அந்தச் சண்டையில்தான் ‘படிப்புக்குக் கொடுத்தால் நஷ்டம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் முதல்முறையாக வாய்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

கடனை யார் அடைப்பது என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி ஆரம்பித்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும், படிப்பு முடிகிற வரைக்கும் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அப்புறம் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் கொடுத்தார்கள். சேர்க்கை நேரத்தில் 10,000 ரூபாய் கடன் கொடுத்தால் அந்தப் பணத்திலேயே அசல் திரும்பிவிடும்.

இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்லுங்கள். இந்தத் திட்டம் முன்னால் என்னவாக இருந்தது தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம். கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். அதைத்தான் 2022இல் படிப்புக்கு மாற்றினார்கள். அரசாங்கமே கல்யாணச் செலவைப் படிப்புச் செலவாக மாற்றியிருக்கிறபோது நம் குழு மாற்றக் கூடாதா?

பணத்தைவிட முக்கியம், ஒரு பட்டியல் போடுங்கள். எட்டாவதிலிருந்து கல்லூரி வரைக்கும் ஊரில் இருக்கிற ஒவ்வொரு பெண்பிள்ளை பெயரும். குழுவில் இருப்பவர்களின் பிள்ளைகள் மட்டும் போதாது, எல்லாப் பிள்ளைகளும். எந்த வகுப்பு, எப்போதிலிருந்து வரவில்லை, ஏன். மாசம் ஒருமுறை சந்தா வாங்கி முடித்ததும் அதை வாசியுங்கள். நிற்கப்போகிற பிள்ளை யார் என்று ஒரு வருசம் முன்னாலேயே தெரிந்துவிடும்.


சாக்பீஸ் (திருமங்கலம்):

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேலூர் அக்கா சொன்ன பட்டியலோடு இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சான்றிதழ்.

மே, ஜூனில் எத்தனையோ பிள்ளைகள் படிப்பை விட்டது மார்க் இல்லாததால் இல்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று கைக்கு வராமல், விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி தாண்டிப் போனதால். அந்த மாசத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. பன்னிரண்டாவது அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் குழுவில் இரண்டு பேர் பொறுப்பெடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள். ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். செலவு மிகக் குறைவு.

முதல் பட்டதாரிச் சலுகையில் ஒரு விசயம் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருத்தருக்குத்தான் அது. அண்ணன் பொறியியலுக்கு வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. எந்தப் பிள்ளைக்கு அது உண்மையில் தேவை என்று தாய் தகப்பனை உட்காரவைத்துப் பேச ஆள் வேண்டும். இதுவரை நான் பார்த்த வீடுகளில் அந்தப் பேச்சே நடந்ததில்லை. பையனுக்கு என்று தானாக முடிவாகிவிடும்.

“கட்டிக்கொடுத்துவிட்டு அஞ்சல் வழியில் படிக்க வைக்கிறோம்” என்று சொல்லும் வீடுகளிலும் கவனமாக இருங்கள். தொலைநிலைக் கல்விக்குப் புதுமைப் பெண் பணம் வராது. வீட்டு வேலைக்கு நடுவில் அந்தப் புத்தகத்தைத் திறக்கவும் யாரும் விடமாட்டார்கள்.

பூப்பறிக்கிற விசயத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிடியுங்கள். அதில் தலைவர் ஒரு தாயாகத்தான் இருக்க வேண்டும், குறைந்தது பாதிப் பேர் பெண்கள் இருப்பார்கள். உங்கள் 14 பேரில் யாராவது அதில் இருப்பீர்கள். முகூர்த்த நாளில் எந்தப் பிள்ளைகள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். தோட்டத்துக்காரர்களிடம் குழுவாகப் போய் நில்லுங்கள். ஒரு தாய் தனியாகக் கேட்டால் கூலி போய்விடும்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு என்றால் தயங்காமல் 1098க்குச் சொல்லுங்கள். சொன்னவர் பெயரை வெளியே விடமாட்டார்கள்.


முதல்பெஞ்ச் (வாடிப்பட்டி):

நான் பி.காம். மூன்றாம் வருசம், மதுரையில் அரசு மகளிர் கல்லூரி. எங்கள் வீட்டில் முதல் ஆள். அக்கா, டியூஷன், பரிசு, கடன் எல்லாம் வேண்டும்தான். ஆனால் என் கதையில் நடந்தது வேறு.

பன்னிரண்டாவது முடிந்ததும் அயித்தை வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இஷ்டம் இல்லை, ஆனால் அப்பாவிடமும் அப்பத்தாவிடமும் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் குழுவிலிருந்து ஐந்து பேர் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். சண்டை போடவில்லை. அப்பத்தாவிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, “பிள்ளையை இந்த ஒரு வருசம் படிக்க விடுங்க, கூட வர்றதுக்கு எங்க ஊரிலிருந்து இன்னும் ரெண்டு பிள்ளைகளைச் சேர்த்து விடுறோம், காலேஜ் பீஸ் குழு பார்த்துக்கும்” என்றார்கள். அப்பாவின் பயம் பஸ்ஸும் ஊர்ப் பேச்சும்தான். மூன்று பேராகப் போகிறார்கள் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் கிடையாது என்பதும் உதவியது. ஒரு வருசம் என்றது அடுத்த வருசமும் தானாகப் போனது.

அதனால் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து உதவாதீர்கள். ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்புங்கள். தனியாகப் போகிற பிள்ளையைத்தான் முதலில் நிறுத்துவார்கள். அப்புறம், மில்லில் இருக்கிற அந்த அக்காவையும் விட்டுவிடாதீர்கள். 471 மார்க் எங்கேயும் போகவில்லை. வருகிற மே மாசம் அவரும் விண்ணப்பிக்கலாம்.


செம்மண் (செல்லம்பட்டி):

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் 14 பேரில் காலனியிலிருந்து எத்தனை பேர்? மண்டபத்தில் கூட்டம், அங்கேயே டியூஷன் என்றால் எங்கள் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நின்றிருக்கிறேன். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை எங்கள் ஆட்களுக்கு, தலித்துகளுக்கு, ஒதுக்கினார்கள் என்று 1996லிருந்து பத்து வருசம் தேர்தலை ஒழுங்காக நடக்கவிடாமல் இருந்த பகுதி இது. 2006இல்தான் ஒழுங்காக நடந்தது. இன்றைக்கு மாறியிருக்கிறது, ஆனால் தானாக மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் கூடுங்கள், அங்கே எல்லாரும் வருவார்கள். பட்டியலில் முதல் பக்கத்தை எங்கள் தெருவிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.


பூந்தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. செம்மண் அக்கா, காலனியிலிருந்து எங்கள் குழுவில் யாரும் இல்லை. அங்கே தனியாக ஒரு குழு இருக்கிறது. இந்தச் செவ்வாய்க் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்திருக்கிறோம், பள்ளிக்கூட வராண்டாவில். அவர்கள் பொதுப்பணமும் சேர்ந்தால் 70,000 தாண்டும்.

எங்களில் மூத்த அம்மா ஒருத்தர், அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவைக் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களின் கூட்டத்தில் நேரில் பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி அம்மா குழு நடத்தி, 2001இல் டெல்லி விருது மேடையில் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை எங்கள் கூட்டத்தில் அடிக்கடி சொல்வார். நேற்று அவரே, “நமக்குத்தான் எழுத்து இல்லை, நம்ம பேத்திகளுக்காவது காசைப் போடுவோம்” என்று சொன்னார். ஐம்பது பைசா வட்டிக்கு முதல் கை அவருடையது. சடங்குக் கடன் வட்டியை ஏற்றுவதற்கு இன்னும் ஐந்து பேர் ஒத்துக்கொள்ளவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

மில்லில் இருக்கிற பிள்ளையிடம் போனில் பேசினேன். வரத் தயார். அவள் அப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் போகிறோம்.

மேலூர் அக்கா, கடனை மகள் பெயரில் எழுதலாமா, அம்மா பெயரிலா? பணம் வேறு வழியில் போய்விடக் கூடாது என்று பயம்.


கண்மாய்க்கரை (மேலூர்):

அம்மா பெயரில்தான் எழுத முடியும், அவர்தானே உறுப்பினர். ஆனால் பக்கத்திலேயே மகளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பணத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். குழுவில் ஒருத்தர் கூடப்போய்க் கல்லூரியில் கட்டிவிட்டு ரசீதை நோட்டில் ஒட்டிவிடுங்கள். பஸ் செலவு, ஒரு ஜோடி செருப்பு, இரண்டு சுடிதார், இதற்கும் சேர்த்துக் கடன் தொகையைப் போடுங்கள், நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகும்போது அந்தப் பிள்ளையின் தாய்மாமனையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் சரி என்றால் அப்பா பாதி சம்மதித்த மாதிரி.